ஈரலுக்குப் பரவிய கட்டியை அறுவை செய்து எடுப்பது: மதுரைப் பகுதிக் குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

ரிப்போர்ட்டில் ‘லிவர் மெட்ஸ்’ என்று போட்டிருக்கிறது. இது லிவர் கேன்சரா?

இல்லை. வேறோர் இடத்தில், பெரும்பாலும் பெருங்குடலிலோ மலக்குடலிலோ தொடங்கிய புற்றுநோய் இரத்தத்தோடு வந்து ஈரலில் தங்கி வளர்ந்திருக்கிறது. ‘செகண்டரீஸ்’ என்று சொல்வதும் இதைத்தான். ஈரலிலேயே பிறக்கும் புற்றுநோய்க்கு வேறு மருந்து, வேறு கணக்கு. குடலிலிருந்து வரும் இரத்தம் ஏறத்தாழ முழுவதும் போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாய் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. குடல் கட்டி முதலில் ஈரலில் போய் உட்காருவதற்குக் காரணம் அதுதான்.

பரவிவிட்டது என்றால் நாலாவது ஸ்டேஜ். அதற்குப் பிறகு ஆபரேஷன் எதற்கு?

குடல் புற்றுநோயில் இந்தக் கேள்விக்கான பதில் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. ஈரலில் உள்ள கட்டிகளை முழுமையாக எடுக்க முடிந்தவர்களில் நூறுக்கு நாற்பது பேர் அளவில் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். பத்து ஆண்டுக்குப் பிறகும் நோய் திரும்பாமல் இருப்பவர்களும் உண்டு. கீமோ மட்டும் கொடுத்து இந்த நிலைக்குக் கொண்டுவருவது அரிது.

ஆகவே ‘நாலாவது ஸ்டேஜ், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்’ என்று ஒருவர் சொன்னதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈரல் அறுவையையே தொழிலாகச் செய்யும் ஒருவர் அந்த ஸ்கேனை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். எடுக்க முடியுமா முடியாதா என்பதைக் கட்டிகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஏழு கட்டி இருந்தும் எடுத்துவிடலாம். ஒரே கட்டியாக இருந்தாலும் மூன்று ஈரல் சிரைகளும் சேரும் இடத்தில் இருந்தால் எடுக்க முடியாமல் போகலாம்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. பெருங்குடல், மலக்குடல் முதலிடம். அடுத்து நியூரோ எண்டோகிரைன் கட்டிகள், அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் பிறப்பவை. இவை மெதுவாக வளர்பவை என்பதால் பெரும்பகுதியைக் குறைத்தாலே பலன் உண்டு. மார்பகம், சிறுநீரகம் போன்றவற்றில் சிலருக்கு மட்டும் யோசிக்கலாம். இரைப்பை, கணையம், பித்தப்பை புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருந்தால் ஈரலை வெட்டுவதால் பெரும்பாலும் நன்மை இல்லை. வலியும் செலவும்தான் மிஞ்சும். இந்தப் பக்கத்தில் இனி வருவது முக்கியமாகக் குடல் புற்றுநோய்க்கானது.

ஆபரேஷனுக்கு முன் என்னென்ன டெஸ்ட்? ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டாமா?

நெஞ்சு, வயிறு, இடுப்புக்குச் சாயம் செலுத்திய சிடி. ஈரலுக்குத் தனியாக எம்ஆர்ஐ, முடிந்தால் ஈரல் செல்கள் உறிஞ்சும் வகைச் சாயத்தோடு. சிடியில் தெரியாத ஐந்து மில்லிமீட்டர் கட்டிகூட அதில் தெரியும். ஈரலுக்கு வெளியே நோய் இருக்கிறதோ என்ற சந்தேகத்துக்குப் பெட் சிடி. இரத்தத்தில் சிஇஏ (குடல் புற்றுநோயில் ஏறும் ஒரு புரதம்) அளவு, பிலிருபின் (பித்தத்தின் மஞ்சள் நிறமி), ஆல்புமின், ஐஎன்ஆர் (இரத்தம் உறையும் நேரத்தின் அளவு), தட்டணுக்கள். முதல் கட்டியின் சதையில் ராஸ், பிராஃப் மரபணு மாற்றங்களைப் பார்ப்பதும் வேண்டும். எந்த மருந்து வேலை செய்யும், நோய் எவ்வளவு முரட்டுத்தனமானது என்பதை அவை சொல்லும்.

ஈரல் கட்டியில் ஊசி போடுவதைப் பற்றிக் கவனமாக இருங்கள். எடுக்கக்கூடிய கட்டியில் ஊசி குத்தினால் அந்த ஊசி வந்த தடத்திலேயே நோய் விதைக்கப்படலாம். குடலில் புற்றுநோய் உறுதியாகி, எம்ஆர்ஐ தெளிவாகச் சொன்னால் ஊசி தேவையில்லை. படத்தில் சந்தேகம் இருந்து, விடையைப் பொறுத்து சிகிச்சை மாறும் என்றால் மட்டும் போடலாம். அதையும் அறுவை மருத்துவர் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும்.

ஈரலில் எவ்வளவு எடுத்தால் மனிதர் தாங்குவார்?

எடுப்பதை அளப்பதில்லை, மிச்சம் வைப்பதைத்தான் அளக்கிறோம். கெடுதல் இல்லாத ஈரலில் குறைந்தது 20 சதவீதம் மிஞ்ச வேண்டும். பல சுற்றுக் கீமோ போட்டவருக்கும் கொழுப்பு ஏறிய ஈரலுக்கும் 30. ஈரல் சுருங்கி இறுகியவருக்கு 40. மிஞ்சும் பகுதிக்கு உள்ளே வரும் இரத்தக் குழாய், வெளியே போகும் சிரை, பித்தநாளம் மூன்றும் கெடாமல் இருக்க வேண்டும்.

இதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது. கண்மாய்ப் பாசன வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால், தனி வடிகால். ஈரலும் அப்படித்தான். பிரெஞ்சு உடற்கூறியலாளர் குயினோ 1957-இல் அதை எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பகுதியை எடுத்தாலும் பக்கத்துப் பகுதிக்குப் பாசனம் நிற்காது. ஆனால் பக்கத்து வயலின் வடிகாலை அறியாமல் அடைத்துவிட்டால் அங்கே நீர் தேங்கிப் பயிர் அழுகுவதுபோல் அந்தப் பகுதி வீங்கிச் சாகும். அளவில் ஈரல் இருக்கும், வேலை செய்யாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவருடைய ஈரல் மொத்தம் 1250 மில்லி. கட்டிகள் வலப்பக்கம் முழுவதும். வலப்பக்கத்தை எடுத்தால் இடப்பக்கம் 300 மில்லி மிஞ்சும், அதாவது 24 சதவீதம். ஆறு சுற்றுக் கீமோ முடித்தவர் என்பதால் 30 சதவீதம், அதாவது 375 மில்லி வேண்டும். 75 மில்லி குறைகிறது. அந்த 75 மில்லிக்காக அறுவையைத் தள்ளிப்போட்டு முதலில் ஈரலை வளர்க்க வேண்டும். இந்த அளவு எடுக்காமலே ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று தேதி கொடுத்தால், மிச்ச அளவு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

மிச்சம் போதவில்லை என்றால் எப்படி வளர்ப்பது?

வெட்டப்போகும் பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் சிரைக் கிளையை அடைத்துவிடுவார்கள். வயிற்றைத் திறப்பதில்லை. அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஊசி செலுத்தி, மருத்துவப் பசையோ சிறு கம்பிச் சுருளோ வைத்து அடைப்பது. இரத்தம் முழுவதும் மறுபக்கம் திரும்ப, அந்தப் பக்கம் வளரத் தொடங்கும். நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி சிடி எடுத்து அளப்பார்கள். மேலே சொன்ன 300 மில்லி 400 ஆனால் 32 சதவீதம், வெட்டலாம். வளரவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். அந்த ஈரல் பெரிய அறுவையைத் தாங்காது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டோம்.

இரண்டு பக்கமும் கட்டி இருந்தால் இரண்டு கட்டமாகச் செய்யலாம். முதல் கட்டத்தில் இடப்பக்கத்துச் சிறு கட்டிகளைக் கிள்ளி எடுத்துச் சுத்தம் செய்வது, பிறகு வலப்பக்கச் சிரையை அடைப்பது, வளர்ந்த பின் இரண்டாம் கட்டத்தில் வலப்பக்கத்தை எடுப்பது. இடைவெளியில் சிலருக்கு நோய் முந்திக்கொள்ளும். அவர்களுக்கு இரண்டாம் கட்டம் நடக்காது.

‘ஆல்ப்ஸ்’ என்ற வேகமான முறையும் இருக்கிறது. முதல் அறுவையிலேயே சிரையைக் கட்டி ஈரலையும் பிளந்து வைத்தால் ஏழு முதல் பத்து நாளில் வளர்ந்துவிடும். வேகத்துக்கு ஏற்ற ஆபத்தும் அதில் உண்டு. அதை நிறையச் செய்து பழகிய குழுவிடம் மட்டும்.

முதலில் கீமோவா, ஆபரேஷனா?

எளிதாக எடுக்கக்கூடிய ஒன்றிரண்டு கட்டி என்றால் நேரே அறுவைக்குப் போகலாம். எண்ணிக்கை அதிகம், இடம் சிக்கல் என்றால் முதலில் கீமோ. ஆனால் கீமோ ஈரலையும் தாக்கும். ஆக்சாலிபிளாட்டின் ஈரலின் நுண்குழாய்களைக் கெடுக்கும். வயிற்றைத் திறக்கும்போது அந்த ஈரல் நீலம் பாரித்துத் தெரியும், தொட்டால் கசியும். இரினோடிகான் கொழுப்பையும் அழற்சியையும் ஏற்றும். எனவே எடுக்கத்தக்க நிலை வந்தவுடன் நிறுத்த வேண்டும், ‘இன்னும் நாலு சுற்று போட்டுப் பார்ப்போம்’ என்று இழுக்கக்கூடாது. கடைசிச் சுற்றிலிருந்து நான்கு வாரமாவது இடைவெளி. பெவாசிசுமாப் சேர்த்திருந்தால் ஆறு வாரம். அந்த மருந்து புண் ஆறுவதைத் தடுக்கும்.

இன்னொரு சிக்கல்: ‘கீமோவில் கட்டி மறைந்துவிட்டது’ என்று வீட்டில் மகிழ்ச்சி. படத்தில் மறைவது வேறு, உயிரோடு இல்லாமல் போவது வேறு. மறைந்த இடத்தில் பலருக்கு உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அதனால் கீமோவுக்கு முந்தைய படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த இடத்தில் இருந்தது என்று அதை வைத்துத்தான் தேட முடியும்.

குடலிலும் கட்டி, ஈரலிலும் கட்டி. எது முதலில்?

குடல் அடைத்துக்கொண்டாலோ இரத்தம் போனாலோ குடல்தான் முதலில். இல்லையென்றால் மூன்று வழி உண்டு: குடல் முதலில், ஈரல் முதலில், இரண்டும் ஒரே நாளில். ஈரல் வேலை சிறிதாகவும் குடல் வேலை நேராகவும் இருந்தால் ஒரே நாளில் முடிக்கலாம். பாதி ஈரலையும் மலக்குடலையும் ஒரே நாளில் எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். குடல் தையல் கசிந்தால், அப்போதுதான் வெட்டுப்பட்ட ஈரல் அந்தத் தொற்றைத் தாங்காது.

தியேட்டருக்குள் என்ன நடக்கும்?

வலது விலா எலும்புக்குக் கீழே, நடுக்கோட்டிலிருந்து திரும்பும் ‘ட’ எழுத்துப் போன்ற ஒரு வெட்டு. முதலில் வயிற்றறை முழுவதையும் பார்த்துத் தடவி, வேறெங்கும் பரவவில்லை என்று உறுதி செய்வார்கள். பிறகு ஈரலைப் பிடித்திருக்கும் தசைநார்களை விடுவித்து, விரல் அளவுள்ள அல்ட்ராசவுண்டு கருவியை நேரடியாக ஈரல் மேலேயே வைத்து நகர்த்துவார்கள். திரையில் ஈரல் சிரைகள் கருங்கோடுகளாகவும், கட்டி சாம்பல் வட்டமாகவும் தெரியும். இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்பதைப் பார்த்து, ஈரல் தோலின்மேல் மின்கத்தியால் வெட்டும் கோட்டை வரைவார்கள். முன்பெல்லாம் கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல சதை வேண்டும் என்றார்கள். இப்போது ஒரு மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தாலே போதும் என்பது ஏற்கப்பட்ட நிலை. அதனால்தான் பாதி ஈரலை எடுப்பதைவிட, கட்டியை மட்டும் சுற்றி எடுத்து மீதியைக் காப்பாற்றும் முறைக்கு மருத்துவர்கள் வந்திருக்கிறார்கள். பிறகு நோய் திரும்பினாலும் மறுபடி வெட்ட ஈரல் இருக்கும்.

இரத்தம் போவதைக் குறைக்க இரண்டு ஏற்பாடு. ஒன்று, ஈரலுக்குள் நுழையும் குழாய்த் தொகுப்பை நாடாவால் சுற்றி இறுக்குவது, மடையை அடைப்பதுபோல. கிளாஸ்கோ அறுவை மருத்துவர் பிரிங்கிள் 1908-இல் எழுதிய முறை. பதினைந்து நிமிடம் அடைப்பு, ஐந்து நிமிடம் திறப்பு, மறுபடி அடைப்பு. தாதி நேரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டாவது, மயக்க மருத்துவரின் கையில். வெட்டி முடிக்கும்வரை குளுக்கோஸ், சலைன் பாட்டில்களை அடக்கிக் கொடுத்து, மையச் சிரை அழுத்தத்தை, அதாவது இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையின் அழுத்தத்தை, ஐந்துக்குக் கீழே வைப்பார். உள்ளே வரும் வழியை அடைத்தாலும் வெளியே போகும் சிரைகளிலிருந்து இரத்தம் பின்னோக்கி வரும். அந்த அழுத்தம் ஏறினால் ஈரல் சிரைகள் உப்பி, சிறு கிழிசலும் பெரிய கசிவாகும். மிகவும் தாழ்ந்தால் கிழிசல் வழியே காற்று உறிஞ்சப்படலாம். அதனால் இந்த அறுவையில் மயக்க மருத்துவரின் அனுபவம் அறுவை மருத்துவருடையதற்குக் குறைந்ததல்ல.

ஈரல் சதையை வெட்டுவது என்பதைவிடப் பிரிப்பது என்று சொல்லலாம். மெல்லிய இடுக்கியால் நசுக்கினால் மென்சதை உதிர்ந்து, குழாய்கள் நூல்போல அறுபடாமல் நிற்கும். ‘கூசா’ கருவி அதிர்வாலும் தண்ணீராலும் உறிஞ்சலாலும் இதையே செய்கிறது. வெளிப்பட்ட ஒவ்வொரு குழாயையும் சிறியதானால் கிளிப் போட்டு, பெரியதானால் கட்டியோ ஸ்டேப்ளரால் தைத்தோ துண்டிப்பார்கள். கடைசியில் வெட்டுமுகத்தில் வெள்ளைத் துணியை ஒற்றி எடுப்பார்கள். சிவப்பு தெரிந்தால் இரத்தம், மஞ்சள் தெரிந்தால் பித்தம். மஞ்சள் புள்ளி தெரிந்த இடத்தைத் தேடி நுண்தையல் போடாமல் வயிற்றை மூடக்கூடாது. மொத்தம் மூன்று முதல் ஆறு மணி நேரம்.

சாவித்துவார முறையில் (லேப்ராஸ்கோப்பி) செய்யலாமா?

ஓரத்தில், முன்பக்கத்தில் உள்ள கட்டிகளுக்கு நன்றாகவே செய்யலாம். நார்வேயின் ஆஸ்லோவில் 280 நோயாளிகளிடம் ஒப்பிட்டதில், திறந்த அறுவையில் நூறுக்கு 31 பேருக்குச் சிக்கல் வந்தது, சாவித்துவாரத்தில் 19 பேருக்கு. உயிர்வாழும் காலம் ஒன்றுபோலவே இருந்தது. ஈரலின் பின்பக்கம், பெரிய சிரையை ஒட்டிய கட்டி என்றால் அனுபவம் மிகுந்த கை வேண்டும். நடுவில் திறந்த முறைக்கு மாறினால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

வெட்டாமல் சுட்டு அழிக்கலாம் என்கிறார்களே?

மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் மைக்ரோவேவ் ஊசியால் சுடுவது வெட்டுவதற்குக் குறைந்ததல்ல என்று நெதர்லாந்து மருத்துவர்கள் தலைமையில் நடந்த ‘கொலிஷன்’ ஆய்வு காட்டியிருக்கிறது. ஆழத்தில் இருக்கும் சிறு கட்டிக்கு இதுதான் நல்லது. அதை வெட்டப் போனால் நல்ல ஈரல் நிறையப் போகும். பெரிய இரத்தக் குழாயை ஒட்டி இருந்தால் ஓடும் இரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும், ஓரத்தில் உயிர்ச் செல்கள் மிஞ்சும். முக்கியப் பித்தநாளத்தின் அருகிலும் சுடக்கூடாது, நாளம் சுருங்கிவிடும். ஒரே அறுவையில் சிலவற்றை வெட்டி, சிலவற்றைச் சுடுவதும் வழக்கம்.

என்ன தவறாகப் போகலாம்? மறைக்காமல் சொல்லுங்கள்.

பழகிய மையங்களில் நூறில் ஒருவர் முதல் மூவர்வரை உயிரிழக்கிறார்கள். பெரிய வெட்டானால் இன்னும் கூடும். பயமுறுத்துவது ஈரல் செயலிழப்பு. ஐந்தாம் நாளில் இரத்தம் உறையும் திறன் பாதிக்குக் கீழும், பிலிருபின் 3 மில்லிகிராமுக்கு மேலும் இருந்தால் நிலைமை கடுமை. பகலில் தூங்கி வழிவது, பேச்சுக் குழறுவது, வயிறு உப்பிக்கொண்டே போவது ஆகியவற்றை உடனிருப்பவர்தான் முதலில் கவனிப்பார். நர்ஸிடம் உடனே சொல்லுங்கள்.

பித்தக் கசிவு நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரும். வயிற்றில் வைத்த வடிகால் டியூபில் இளஞ்சிவப்பாக வந்துகொண்டிருந்தது பச்சை கலந்த மஞ்சளாக மாறினால் அதுதான். மூன்றாம் நாளுக்கு மேல் டியூப் நீரின் பிலிருபின் இரத்தத்தைவிட மூன்று மடங்கு இருந்தால் உறுதி. பெரும்பாலும் டியூபை அப்படியே விட்டாலே காய்ந்துவிடும். இல்லாவிட்டால் எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாளத்தில் ஸ்டென்ட். மறுபடி வயிற்றைத் திறப்பது அரிது.

வலது நெஞ்சில் நீர் கோப்பது, காயத்தில் சீழ், காலில் இரத்தக் கட்டி ஆகியவையும் உண்டு. காலில் இரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் ஒரு சிறு ஊசி, நான்கு வாரம்வரைகூடத் தொடரலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். ‘எப்போதாவது’ என்று எழுதிக் கொடுத்தவருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, உளறி, டியூபைப் பிடுங்கும் நிலை வரும். அது குடி நின்றதாலா, ஈரல் செயலிழந்ததாலா என்று பிரித்தறிவதற்குள் நேரம் போய்விடும். மனைவிக்குத் தெரிவது மருத்துவருக்கும் தெரிந்தால் முன்கூட்டியே மருந்து கொடுத்துவிடலாம்.

ஆட்டு ஈரல் சாப்பிட்டால் ஈரல் வளருமா? கீழாநெல்லி கொடுக்கலாமா?

ஈரல் தானாகவே வளரும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் வேகமாக, மூன்று மாதத்தில் ஏறத்தாழ முழு அளவுக்கு. வெட்டிய பகுதி முளைத்து வராது, மிஞ்சியது பருக்கும். அதற்கு வேண்டியது புரதம்: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம். அறுபது கிலோ மனிதருக்கு 72 முதல் 90 கிராம். முட்டை ஒன்றில் ஆறு கிராம்தான். பருப்பு, தயிர், மீன், கோழி எல்லாம் சேர்ந்தால்தான் வரும். பத்தியம் என்று ரசச்சோறு மட்டும் கொடுப்பது தவறு. வேகவைத்த ஆட்டு ஈரல் ஆகாது என்பதில்லை, அதில் தனி மந்திரமும் இல்லை.

மஞ்சள்காமாலை என்றால் கீழாநெல்லி என்பது நம் ஊர்ப் பழக்கம். அறுவைக்குப் பிறகு வரும் மஞ்சள் அந்த மஞ்சள் அல்ல. பித்தக் கசிவோ அடைப்போ செயலிழப்போ இருக்கும். அளவு தெரியாத எந்தப் பச்சிலைச் சாறும், லேகியமும், பஸ்பமும் மூன்று மாதத்துக்கு வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமாலும் மருத்துவர் எழுதிய அளவுதான். கடையில் கேட்டு வாங்கக்கூடாது.

எத்தனை நாளில் வீடு? ராமநாதபுரம் வரை பஸ்ஸில் போகலாமா?

சிறு வெட்டுக்கு ஐந்தாறு நாள், பெரியதற்கு எட்டு முதல் பத்து நாள். முதல் நாளே படுக்கையில் உட்கார்ந்து, மறுநாள் நடக்க வேண்டும். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை மணிக்குப் பத்துத் தடவை உள்ளே இழுப்பது சளி கட்டாமல் காக்கும். இதைச் சோம்பலாக விட்டவர்களுக்குத்தான் நிமோனியா வருகிறது.

தூரத்து ஊர்க்காரர்கள் டிஸ்சார்ஜ் ஆன முதல் பத்து நாளாவது மதுரையிலேயே உறவினர் வீட்டில் தங்குங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து போவதில் ஆபத்து பெரிதில்லை. நடுராத்திரி காய்ச்சல் வந்தால் திரும்பி வரும் மூன்று மணி நேரம்தான் ஆபத்து. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வெளுத்த மலம், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே வர வேண்டும். ஆறு வாரத்துக்குக் குடம் தூக்குவது, பைக் உதைப்பது கூடாது.

செலவு?

மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில், ஊரார் சொல்லும் பெரியாஸ்பத்திரியில், குடல் இரைப்பை அறுவைச் சிகிச்சைத் துறை இருக்கிறது. தனியாரிடம் போவதற்கு முன் அங்கே ஒரு கருத்துக் கேட்பது நல்லது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம்வரை உண்டு, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும். கார்டு இல்லாதவர் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். கீமோ தொடங்கும் வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள். அறுவைத் தேதி வந்தபிறகு அலைவதில் இரண்டு வாரம் போகும்.

எடுத்த பிறகும் திரும்பி வருமா?

பாதிப் பேருக்கு மேல் எங்காவது திரும்புகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள். அதனால் முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கொரு முறை சிஇஏ, மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு முறை சிடி. மறுபடி ஈரலில் மட்டும் வந்து, இடமும் இருந்தால் மறுபடி வெட்டலாம். முதல் முறைக்கு இணையான பலன் கிடைக்கிறது. நோய் திரும்பியதைச் சீக்கிரம் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. ‘நல்லா இருக்கேன், ஸ்கேன் எதுக்கு’ என்று தவறவிட வேண்டாம்.

எடுக்கவே முடியாத, ஆனால் ஈரலுக்குள் மட்டும் அடங்கிய நோய்க்கு ஈரல் மாற்று பற்றியும் இப்போது பேசுகிறார்கள். பிரான்சை மையமாக வைத்து 94 பேரிடம் நடந்த ‘டிரான்ஸ்மெட்’ ஆய்வில், மாற்றும் கீமோவும் பெற்றவர்களில் ஐந்தாண்டு கடந்தவர்கள் 57 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் 13. மிகக் கடுமையாக வடிகட்டித் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். எல்லோருக்கும் உரிய வழியல்ல.

இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது எதை எடுத்துப் போக வேண்டும்?

ஸ்கேன் படங்களைப் பதிந்த வட்டு (டிஸ்க்). அச்சிட்ட ஃபிலிம் போதாது, அதில் சிரைகளைப் பின்தொடர முடியாது, அளவு எடுக்க முடியாது. கீமோவுக்கு முந்தையது, பிந்தையது இரண்டும் வேண்டும். முதல் கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட், மரபணுச் சோதனை, கீமோவில் எந்த மருந்து எத்தனை சுற்று, கடைசிச் சுற்றின் தேதி. சர்க்கரை, பிரஷர், இரத்தம் நீர்க்கும் மாத்திரைகளின் சீட்டு. வட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே ஒரு கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காத வட்டோடு தேனியிலிருந்து வந்து இறங்கினால் அன்றைய நாள் வீண்.